மெட்டல் கேட்டால் தமிழன் இல்லையா?

கிள்ளான்_பையன்:
இங்கே மலேசியாவில் எங்கள் ஆபீஸ் ஆண்டு விருந்துக்குப் பாட்டுப் போடும் பொறுப்பு எனக்கு வந்தது. கொடுத்த சீனத் தோழி, "ரஜினி பாட்டாகப் போடு, உங்க ஆளுங்க பாட்டுக்குத்தான் ஆட்டம் களைகட்டும்" என்றாள். எனக்கு ரஜினி பாட்டு நாலு கூடத் தெரியாதே என்றேன். "நீ நிஜமாகவே இந்தியன்தானா?" என்று சிரித்தாள். சரி, வெளியாள். வீட்டுக்கு வந்தால், சட்டையில் இருந்த மண்டையோட்டைப் பார்த்து சித்தப்பா மகன் "வாடா வெள்ளைக்காரா" என்கிறான். பதினைந்து வயதிலிருந்து மெட்டல் கேட்கிறேன், அதாவது கிதார் இரைச்சலோடு வரும் அதிரடி ராக் இசை. எந்தப் பக்கம் போய் நிற்பது?

படி272:
அந்தப் பெண் விளையாட்டுக்குக் கேட்டிருக்கிறாள். இதற்கெல்லாம் இனவாதம் என்று கொடி பிடிக்காதீர்கள். சீனன் என்றால் கணக்கில் புலி என்று நாமும்தான் சொல்கிறோம். இன்னொன்று, உறுமி மேளம் என்றாலே மூக்கைச் சுளிக்கிறவர்கள்தான் கடைசியில் 'என்னை ஒதுக்குகிறார்கள்' என்பார்கள்.

கிள்ளான்_பையன்:
உறுமியை நான் எங்கே குறை சொன்னேன்? தைப்பூசத்தில் காவடிக்குப் பின்னால் அடித்தால் என் காலும் சும்மா இருக்காது.

ஈப்போ_அக்கா:
நாமும் சொல்கிறோம் என்பது ஒரு சமாதானமா? 'இந்தியன் என்றால் இப்படித்தான்' என்பது பாட்டோடு நிற்பதில்லை. வாடகைக்கு வீடு தேடிப் பாருங்கள், 'இந்தியர் வேண்டாம்' என்று விளம்பரத்திலேயே போடுகிறார்கள். பாட்டுக்குச் சிரிக்கலாம், அதற்குச் சிரிக்க முடியாது. தம்பி, அலிகேட்ஸ் பாட்டுக் குழு ஞாபகம் இருக்கா? பினாங்கில் பிறந்த லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள். பந்து மாதிரி சுருட்டை முடி, வாயில் மலாய்ப் பாட்டு. 2007இல் லோகநாதன் இறந்தபோது எங்கள் தெருவில் மலாய் அம்மாக்களும் கண்ணைத் துடைத்தார்கள். அவரைப் பார்த்து யாராவது 'தமிழனா நீ' என்று கேட்டார்களா?

படி272:
அக்கா, மலாய்ப் பாட்டு இந்த மண்ணின் பாட்டு. மெட்டல் வெள்ளைக்காரனுடையதுதானே? அதைத்தான் பையனின் சொந்தக்காரன் சொல்கிறான்.

ஜொகூர்_டிரம்மர்:
அண்ணே, நீங்கள் ஒரு மெட்டல் நிகழ்ச்சிக்கும் போனதில்லை என்று தெரிகிறது. இங்கே கூட்டத்தில் பாதிக்கு மேல் மலாய்ப் பையன்கள். வெள்ளைக்காரனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1992இல் நீளமுடி ராக் பாடகர்களை அரசு டிவி, ரேடியோவான ஆர்.டி.எம்.மில் வரவிடமாட்டோம் என்றார் தகவல் அமைச்சர் முகமது ரஹ்மாட். முடியை வெட்டிக்கொண்டு திரும்பியவர்கள் சர்ச், விங்ஸ் குழுக்காரர்கள், எல்லாரும் நம்ம ஊர் ஆட்கள். அதே வருஷம் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் இந்திய வம்சாவளிப் பையன்கள் ருத்ரா என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். கிதார் இரைச்சலுக்கு நடுவே சமஸ்கிருத சுலோகம் வரும். 'வேத மெட்டல்' என்றே அதற்குப் பெயர். இதை எந்த வெள்ளைக்காரன் கணக்கில் எழுதுவீர்கள்?

படி272:
ருத்ரா கேட்டதில்லை, கேட்டுப் பார்க்கிறேன். அதற்காக என் பேச்சை வாபஸ் வாங்கவில்லை. ஆமாம், அந்தப் பெண்ணுக்குப் பையன் என்ன பதில் சொன்னான்? அதைச் சொல்லவே இல்லையே.

கிள்ளான்_பையன்:
ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி உட்கார்ந்து பத்து ரஜினி பாட்டை இறக்கிக்கொண்டு போய்ப் போட்டேன். முதலில் எழுந்து ஆடியது அவள்தான். எனக்குத் தெரியாத வரியெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது.