பாதிரிப்புலியூர் வீடு (குழு)

வியாழன்

பாஸ்கரன்: இரவில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பெண் நாளையோடு நின்றுவிடுகிறாளாம். ஏஜென்சியில் வேறு ஆள் இப்போதைக்கு இல்லை. மாலாவுக்குத் திங்கட்கிழமை மூட்டு அறுவை சிகிச்சை. கொஞ்ச நாளைக்காவது அம்மாவை ஓர் இல்லத்தில் சேர்த்தாக வேண்டும்.

செல்வராசு மாமா: இனிய காலை வணக்கம் 🙏

சுந்தர் ஷார்ஜா: முதியோர் இல்லமா? பிள்ளைகள் மூன்று பேர் இருந்துமா?

மாலா: எந்த மூன்று பேர், தம்பி?

பாஸ்கரன்: லாசுப்பேட்டையில் ஒன்று, அரியாங்குப்பத்தில் ஒன்று, இங்கே செம்மண்டலத்தில் ஒன்று. லாசுப்பேட்டையை ரேவதி பார்த்துவிட்டாள்.

ரேவதி: நன்றாகத்தான் இருந்தது மாமா. வரவேற்பறையில் ஏசி, பெரிய மீன் தொட்டி, வாரம் முழுவதற்கும் உணவுப் பட்டியல். மாதம் 32,000. முன்பணம் ஒரு லட்சம்.

வசந்தா அக்கா: மாடிக்குப் போனாயா?

ரேவதி: ஓய்வு நேரம் என்று விடவில்லை அம்மா.

வசந்தா அக்கா: அப்படியானால் மீன் தொட்டியைத்தான் பார்த்திருக்கிறாய்.

செல்வராசு மாமா: ஞாயிறு திருவந்திபுரத்தில் முரளி மகன் திருமணம். வேன் பேசலாமா? வருபவர்கள் பெயர் சொல்லவும்.

வசந்தா அக்கா: எல்லோரும் பொறுமையாகப் படியுங்கள். வார்டில் நின்று நின்றே ஓய்வு பெற்றவள் சொல்கிறேன். அம்மாவால் தானாகப் புரள முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஏர் பெட் போட்டிருக்கிறோம் என்பார்கள், போட்டிருந்தாலும் திருப்பத்தான் வேண்டும். திருப்பியதைக் குறிக்கும் தாள் இருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்கள். இரவு பகல் எல்லாம் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, நிமிடம் பிசகாமல் 8, 10, 12 என்று இருந்தால் அது யாரோ மாலையில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பியது. அடுத்தது குதிகால். அங்கே படுக்கையில் இருக்கும் ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்து, அவரிடமே கேட்டுக்கொண்டு பாதத்தைப் பாருங்கள். படுக்கைப்புண் குதிகாலிலும் முதுகுக்குக் கீழே வால் எலும்பிலும்தான் முதலில் தலைகாட்டும். சிவப்பைத் தேடாதீர்கள், நம் நிறத்துக்குச் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்து, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும்.

சுந்தர் ஷார்ஜா: அக்கா, சுருக்கமாக.

வசந்தா அக்கா: இன்னும் முடியவில்லை. பகல் பதினொரு மணிக்குக் கூடத்தில் அத்தனை பேரும் தூங்கி வழிந்தால் தூக்க மாத்திரையா என்று கேளுங்கள். மாதாமாதம் எடை பார்க்கிறார்களா? ஊட்டும்போது நிமிர்த்தி உட்கார வைக்கிறார்களா, படுத்தபடியே வாயில் ஊற்றுகிறார்களா? மூத்திர வாடை அடிக்கவில்லை என்று மகிழ வேண்டாம், பினாயில் வாடை மூக்கைத் துளைத்தாலும் யோசிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரவு எட்டு மணிக்குப் பிறகு சொல்லாமல் போங்கள். எத்தனை கட்டிலுக்கு எத்தனை பேர், அதில் நர்சிங் படித்தவர் யார்?

பாஸ்கரன்: ஜெனரேட்டர்? 2011 தானே புயலில் இங்கே எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம். ஏர் பெட் கரண்டில் ஓடுவது.

செல்வராசு மாமா: தானேயில் நம் முந்திரித் தோப்பு மொத்தமும் சாய்ந்தது. ஒரு மரம் நிற்கவில்லை.

சுந்தர் ஷார்ஜா: அந்தத் தோப்புக் கணக்கையும் ஒருநாள் பேச வேண்டும்.

பாஸ்கரன்: இப்போது அம்மாவைப் பற்றிப் பேசுவோம். செலவு?

சுந்தர் ஷார்ஜா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாலா: படித்துவிட்டேன் தம்பி. வீட்டை யார் பெயரில் எழுதினாரோ அவர்தான் செலவும் செய்ய வேண்டும், அப்படித்தானே?

செல்வராசு மாமா: 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவு. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். பொதுவாகச் சொன்னேன்.

மாலா: நள்ளிரவில் எழுந்து துணி மாற்றியது பத்திரம் அல்ல மாமா, நான். பொதுவாகச் சொன்னேன்.

ரேவதி: ஆயாவிடம் யாராவது கேட்டீர்களா?

பாஸ்கரன்: நான் கேட்டேன். "அங்கே காபி எப்படி?" என்றார்.

வசந்தா அக்கா: பாஸ்கரா, நவம்பர் முடிவதற்குள் அப்பாவின் ரயில்வே பென்ஷனுக்கு உயிர்வாழ்வுச் சான்று கொடுத்தாயா?

பாஸ்கரன்: கைபேசியில் முகத்தைப் பதிகிறேன். கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது. அம்மா சிரிக்கிறார். நாளை மறுபடி பார்க்கிறேன்.

வெள்ளி

ரேவதி: நேற்று இரவு நானும் பாஸ்கரன் மாமாவும் போய்விட்டு வந்தோம். லாசுப்பேட்டையில் முன் அனுமதி இல்லாமல் மேலே விட மாட்டோம் என்றார்கள். அரியாங்குப்பத்தில் 22 கட்டிலுக்கு இரண்டு பெண்கள். ஒருவர் சமையற்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். ஒரு பாட்டியின் அழைப்பு மணி கட்டிலுக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. எடுத்துக் கையில் கொடுத்தேன், அவருக்கு அது எதற்கென்றே தெரியவில்லை.

வசந்தா அக்கா: அது போதும். வேண்டாம். செம்மண்டலம்?

ரேவதி: பழைய வீடு. சுவரில் காரை பெயர்ந்திருக்கிறது. ஆனால் ஒன்பது கட்டிலுக்கு இரண்டு பேர், ஒருவர் நர்ஸ். ஒரு தாத்தாவைத் திருப்புவதற்கு முன் "அப்பா, சுவர்ப்பக்கம் திருப்புகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தோளைத் தொட்டார். தாளில் 8.25, 10.40 என்று ஒழுங்கில்லாமல் இருந்தது, இரண்டு கையெழுத்து. ஜெனரேட்டர் இல்லை, இன்வெர்ட்டர்தான்.

சுந்தர் ஷார்ஜா: காரை பெயர்ந்த வீட்டிலா அம்மா?

வசந்தா அக்கா: காரையை அப்புறம் பூசிக்கொள்ளட்டும். மழைக்குத் தண்ணீர் வருமா? 2024 ஃபெஞ்சல் புயலில் தென்பெண்ணை ஆறு ஊருக்குள் வந்ததே.

பாஸ்கரன்: அந்தத் தெருவில் வரவில்லை என்கிறார்கள். பக்கத்து வீட்டிலும் விசாரிக்கிறேன். முதலில் பத்து நாள் மட்டும் வைத்துப் பார்க்கலாம் என்றார்கள், முன்பணம் பாதி.

சுந்தர் ஷார்ஜா: பாதி திரும்பக் கிடைக்குமா?

பாஸ்கரன்: எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். இன்னும் தரவில்லை.

வசந்தா அக்கா: எழுத்தில் வரும்வரை பணம் கொடுக்காதே. நெய்வேலியிலிருந்து நாளை வருகிறேன். மாலா, அம்மாவின் இரண்டு குதிகாலையும் முதுகையும் இன்றைய தேதியோடு படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்பு. நாளைக்குப் புண் வந்தால், "வரும்போதே இருந்தது" என்று யாரும் சொல்லக் கூடாது.

மாலா: அனுப்பிவிட்டேன் அண்ணி.

வசந்தா அக்கா: வலது குதிகாலில் என்ன அது கறுப்பாக? எத்தனை நாளாக இருக்கிறது?

மாலா: மருதாணி அண்ணி. உங்கள் மகள் தீபாவளிக்கு வைத்துவிட்டாள்.

ரேவதி: ஆயாதான் கேட்டார்.

சுந்தர் ஷார்ஜா: முதல் மாதம் நான் தருகிறேன். அடுத்த மாதம் பேசுவோம்.

மாலா: அடுத்த மாதம் என்ன பேச இருக்கிறது?

செல்வராசு மாமா: வேனுக்கு ஒன்பது பேர் சேர்ந்தாயிற்று. வாடகை யார் கொடுப்பது?