ஜெர்மனியில் வேலை தேட எங்கே இறங்குவது: பெர்லினா, சின்ன ஊரா?

ஓசூர்_குவாலிட்டி
ஜெர்மனிக்குப் போய் வேலை தேட அனுமதிக்கும் ஆப்பர்ச்சுனிட்டி கார்டு விசா கைக்கு வந்துவிட்டது. படிப்பு மெக்கானிக்கல். வாகன உதிரிபாகக் கம்பெனியில் நாலு வருட குவாலிட்டி வேலை. 8டி (கோளாறின் மூலகாரணம் தேடித் தீர்க்கும் முறை), பிபேப் (உதிரிபாகத்துக்கு கஸ்டமர் ஒப்புதல் வாங்கும் நடைமுறை), கஸ்டமர் கம்ப்ளைன்ட் எல்லாம் பார்த்திருக்கிறேன். ஜெர்மன் ஏ2, அதாவது ஆரம்ப நிலை. செப்டம்பர் கடைசியில் கிளம்புகிறேன். பெர்லினில் இருக்கும் நண்பன், ஒரு மாதம் என் ரூமில் இரு, அப்புறம் பார்த்துக்கலாம் என்கிறான். பவேரியாவின் சின்ன நகரமான ஷ்வைன்ஃபுர்ட் பக்கம் இருக்கும் காலேஜ் சீனியர், பெர்லினுக்கு மட்டும் போகாதே என்கிறார். விசாவுக்காகச் செலவுப் பணத்தை முடக்கி வைக்கும் பிளாக்டு அக்கவுண்டில் 13,092 யூரோ போட்டாச்சு, மாதம் 1,091 வரும். எங்கே இறங்கலாம்?

ஸ்ப்ரீக்கரை
பெர்லினுக்கு வாங்க ப்ரோ. ஏ2 ஜெர்மனை வைத்துக்கொண்டு சின்ன ஊரில் ரொட்டிக்கடையில்கூடத் திணறணும். இங்கே ஆங்கிலத்திலேயே நடக்கும் கம்பெனிகள் நிறைய. மாலையில் நாலு பேரைப் பார்த்துப் பேசலாம், வாரம் 20 மணி நேரம் பார்ட் டைம் செய்ய அனுமதி இருக்கிறதே, அதற்கும் வேலை கிடைக்கும். தனியாக ஒரு ஊரில் போய் உட்கார்ந்தால் நவம்பர் இருட்டே ஆளைச் சாய்த்துவிடும்.

மைன்_நதி
ஆங்கிலத்தில் நடக்கும் அந்தக் கம்பெனிகள் சாஃப்ட்வேர்காரர்களுக்கு. அவர் கையில் இருப்பது பிபேப். பேரிங்கும் கியர்பாக்ஸும் செய்கிற ஊர்களில்தான் அதற்கு விலை. ஷ்வைன்ஃபுர்ட் ஒன்றிலேயே எஸ்கேஎஃப், ஷெஃப்ளர், இசட்எஃப் மூன்றும் இருக்கின்றன.

இன்னொன்று, நண்பன் ரூமில் ஒரு மாதம் என்பது கேட்க நன்றாக இருக்கும். அந்த முகவரியில் ஆன்மெல்டுங், அதாவது குடியிருப்புப் பதிவு செய்ய முடியுமா? குடியேறிய இரண்டு வாரத்துக்குள் பதியச் சொல்கிறது சட்டம். அதற்கு வீடு தருபவர் கையெழுத்துப் போட்ட படிவம் வேண்டும். நண்பனே வாடகைக்கு இருப்பவன் என்றால் வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் தரமாட்டான். பதிவு இல்லையென்றால் வரி எண் தபாலில் வராது, பல வங்கிகளில் கணக்கும் இழுக்கும். நீங்கள் சொல்கிற பார்ட் டைம் வேலையும் அங்கேயே நிற்கும்.

ஸ்ப்ரீக்கரை
சரி, சின்ன ஊரில் மட்டும் வீட்டுக்காரர் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடுவாரா? அவரும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்பார். வேலை தேடுகிறவனிடம் அது எப்படி இருக்கும்? பெர்லினில் ஆறு மாதம் வெளிநாடு போகிறவன் தன் அறையை உள்வாடகைக்கு விடுவான், பகிர்வு வீடுகளும் ஏராளம். அறை 600, 700 யூரோ ஆகும், மறுக்கவில்லை. 'ஆன்மெல்டுங் கிடையாது' என்று போட்டிருக்கும் விளம்பரத்தைத் தொடாதீர்கள். வீட்டைக் காட்டாமல் முன்பணம் கேட்பவனையும் அப்படியே.

அப்புறம், ஷெஃப்ளரும் இசட்எஃப்பும் 2024லேயே ஆட்குறைப்பு அறிவித்த கம்பெனிகள். இசட்எஃப் 2028க்குள் ஜெர்மனியில் 14,000 வேலைகள் வரை குறைப்போம் என்றது. அங்கேயே பத்து வருடம் இருந்தவர்கள் வெளியே வருகிறார்கள், ஏ2வோடு இவர் உள்ளே போவாரா?

மைன்_நதி
கார் வேலை சுருங்குவது உண்மைதான். ஆனால் குவாலிட்டி என்பது கார் மட்டுமா? டுட்லிங்கன் முழுக்க அறுவைச் சிகிச்சைக் கருவிகள். ஷ்வேபிஷ் ஹால், க்ரைல்ஸ்ஹைம் பக்கம் பேக்கேஜிங் இயந்திரங்கள். வாகனத் துறைத் தரநிலையான ஐஏடிஎஃப் 16949 பழகியவருக்கு மருத்துவக் கருவிகளின் தரநிலையான ஐஎஸ்ஓ 13485 வேற்றுக் கிரகம் இல்லை. ரெஸ்யூமேயில் 'குவாலிட்டி இன்ஜினியர்' என்று மொட்டையாகப் போடாமல், எந்த உதிரிபாகம், என்ன கோளாறு, 8டியில் மூலகாரணம் எப்படிப் பிடித்தீர்கள் என்று எழுதுங்கள். ஜெர்மன் கார் துறையின் விடிஏ 6.3 ஆடிட்டில் உட்கார்ந்திருந்தால் அது முதல் வரியில் வரட்டும், அதைப் பார்த்ததும் இங்கே நிமிர்ந்து உட்காருவார்கள்.

வீட்டிலிருந்தே
இவ்வளவு பாடு எதற்கு? ஓசூரிலிருந்தே விண்ணப்பித்து, வேலையோடு நேரே ப்ளூ கார்டில், அதாவது பட்டதாரிகளுக்கான வேலை அனுமதியில் போகலாமே. 2025 கணக்கில் இன்ஜினியருக்கு ஆண்டுச் சம்பளம் 43,759.80 யூரோ இருந்தால் போதுமாக இருந்தது, மொழிச் சான்றிதழும் கேட்பதில்லை.

மைன்_நதி
ஆப்பர்ச்சுனிட்டி கார்டு வாங்கியவரிடம் வாங்காதே என்கிறீர்களே! நடுத்தரக் கம்பெனி ஆள், நேரில் வா, தொழிற்சாலையைச் சுற்றிப் பார்ப்போம் என்பார். இந்தக் கார்டில் ஒரு கம்பெனியில் இரண்டு வாரம் வரை சோதனை வேலை செய்யலாம். ஓசூரிலிருந்து அதை எப்படிச் செய்வது?

டோர்ட்முண்ட்_அக்கா
தம்பி, ரெண்டு பக்கமும் சண்டை பிடிக்கினம், பாஷையைப் பற்றி ஒருத்தரும் பெரிசாச் சொல்லேல்லை. இங்க மேற்கு ஜெர்மனியில, ரூர் பக்கம் எங்கட சனம் நிறைய. ஹம்ம் எண்ட ஊரில இருக்கிற காமாட்சி அம்மன் தேருக்கு வந்தால் யாழ்ப்பாணத்தில நிக்கிற மாதிரித்தான் இருக்கும். வந்து கும்பிடுங்கோ, ஆனா இங்க தங்காதேங்கோ. ரெஸ்டோரண்ட் குசினியில வேலை எடுத்தால் நாள் முழுக்கத் தமிழ்தான் கதைப்பீங்கள், வருசம் ஓடிடும். 20 மணித்தியாலத்துக்கு மேல கைக்காசு தாறம் எண்டு ஆராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதேங்கோ. பிடிபட்டால் உங்கட விசாவுக்கு ஆபத்து. பெர்லின் நண்பரோட இருந்தாலும் இதே கதைதான்: வீட்டில தமிழ், வெளியில இங்கிலிஷ்.

ஸ்ப்ரீக்கரை
அக்கா, பசியும் தனிமையுமாக இருப்பவனுக்கு ஜெர்மன் அடுத்த நிலை, பி1, எப்படி ஏறும்? நம் ஆட்கள் பக்கத்தில் இருப்பதும் ஒரு பலம்தான். இங்கே எனக்குத் தெரிந்த பாதிப் பேருக்கு அறை கிடைத்ததே நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில்தான்.

ஓசூர்_குவாலிட்டி
கேட்டுப் பார்த்தேன், நண்பன் வீட்டில் பதிவு செய்ய வழியில்லையாம். ஷ்வைன்ஃபுர்ட் என்றால் பக்கத்துக் கல்லூரி நகரமான வூர்ட்ஸ்பர்க்கில் தங்கிக்கொண்டு போய்வரலாமா?

மைன்_நதி
அக்டோபரில் வூர்ட்ஸ்பர்க்கில் மட்டும் அறை தேடாதீர்கள். கல்லூரி திறக்கும் நேரம், ஒரு அறைக்கு ஊரே வரிசையில் நிற்கும். பிப்ரவரி, மார்ச்சில் மாணவர்கள் அறையை விட்டுவிட்டு ஊருக்குப் போவார்கள், அப்போது மாறிக்கொள்ளலாம். அதுவரை பாட் கிஸ்ஸிங்கன் பாருங்கள். சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் தங்கும் ஊர், குளிர் தொடங்கினால் விடுமுறை வீடுகளை மாத வாடகைக்கு விடுவோர் உண்டு. பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போடுவீர்களா என்று முதல் மெயிலிலேயே கேளுங்கள். ஷ்வைன்ஃபுர்ட்டுக்கு அரைமணி நேர ரயில். நாடு முழுக்க உள்ளூர் ரயில்களில் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுத்தால் அதுவும், நேர்காணல் பயணங்களும் அதில் அடங்கும். அதிவேக ரயிலான ஐசிஇயில் மட்டும் ஏறிவிடாதீர்கள், அதில் இந்த டிக்கெட் செல்லாது.

ஸ்ப்ரீக்கரை
பாட் கிஸ்ஸிங்கனா! மூட்டுவலிக்கு வெந்நீர்க் குளியல் போட வரும் தாத்தா பாட்டிகள் ஊர் ப்ரோ அது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தெருவில் ஒரு ஆள் இருக்காது.

டோர்ட்முண்ட்_அக்கா
அந்தப் பாட்டியளுக்குக் கதைக்க ஆள் வேணும், தம்பிக்கு ஜெர்மன் வேணும். நல்லதாப் போச்சு.

ஸ்ப்ரீக்கரை
பாட்டி ரெஃபரன்ஸ் கொடுத்து ஷெஃப்ளரில் வேலை வாங்கித் தருவாரா அக்கா? ப்ரோ, மூன்று மாதத்தில் நேர்காணல் அழைப்பு எதுவும் வரவில்லையென்றால் இங்கே எழுதுங்கள், பெர்லினில் பதிவோடு அறை தேடித்தருவது என் பொறுப்பு.