புதுப்பிப்பு: பகுலாவில் டேப் வரிசை, தீர்வு கிடைத்தது

முன்பு கேட்டது: 8 ஸ்லாட் ஆட்டோலோடரில் (டேப்களைத் தானே மாற்றிப் போடும் கருவி; ஸ்லாட் என்பது டேப் வைக்கும் இடம்) 1, 2, 3 என்று போகாமல் பகுலா (பேக்கப் எடுக்கும் மென்பொருள்) ஏன் டேப்களைத் தாவித் தாவி எடுக்கிறது?

காரணம் எளிது. ஸ்லாட் எண்ணை அது வரிசைக்குப் பார்ப்பதே இல்லை. 'அப்பெண்ட்' நிலையில் (இன்னும் எழுத இடமுள்ளவை) இருப்பவற்றில் கடைசியாக எழுதிய டேப்தான் முதலில். அது நிரம்பினால் புது டேப்கள், கேட்டலாகில் (பகுலாவின் தரவுத்தளம்) பதிவான வரிசையில். அதாவது லேபிள் போட்ட (டேப்புக்குப் பெயர் எழுதிப் பதிவு செய்த) வரிசை. மறுசுழற்சியில் (காலாவதியான டேப்பின் மேல் மீண்டும் எழுதும்போது) மட்டும் மிகப் பழையது முதலில் வரும்.

ஆகவே புது டேப்களை ஸ்லாட்டில் அடுக்கிவிட்டு, 'லேபிள் பார்கோட்ஸ்' கட்டளையை ஸ்லாட் 1-8 என்று கொடுத்து ஒரே மூச்சில் லேபிள் போடுங்கள். வரிசை தானாக அமையும்.

ஆனால் முதல் சுற்றுக்கு மட்டும்தான் இது. எந்த டேப்பாவது பிழையில் நின்றாலோ, முன்கூட்டியே நிரம்பினாலோ வரிசை கலையும். திங்களுக்கு இந்த டேப்தான் என்று கறாராக வேண்டுமென்றால் நாளுக்கொரு பூல் (டேப்களின் தொகுப்பு) வைப்பதே சரி. அதில் 'வால்யூம் யூஸ் டியூரேஷன்' (ஒரு டேப்பில் தொடர்ந்து எழுத அனுமதிக்கும் நேரம்) 23 மணி நேரம். தக்கவைப்புக் காலம் (டேப்பில் உள்ளதை அழிக்காமல் வைத்திருக்கும் காலம்) 7 நாளுக்குச் சற்றுக் குறைவாக, 6 நாள் இருக்கட்டும். சரியாக 7 வைத்தால் அடுத்த திங்களன்று சில நிமிட வித்தியாசத்தில் டேப் விடுபடாமல் வேலை காத்துக் கிடக்கும்.

பூல் அமைப்பை மாற்றினால் பழைய டேப்களுக்கு அது தானாகப் போகாது; 'அப்டேட்' மெனுவில் தனியாகத் தள்ள வேண்டும். மேகசினை (டேப்கள் அடுக்கிய தட்டு) கழற்றி மாட்டினால் 'அப்டேட் ஸ்லாட்ஸ்' கட்டளை கட்டாயம்.