எப்ஸ்டீன்-பார் வைரஸ்: இரத்த அறிக்கையில் உள்ள மாறுபட்ட வெள்ளணுக்கள் எவை?

தோட்டத்து அம்மா, சுங்கை சிப்புட்:
வணக்கம். ஐந்தாம் படிவத்தில் பயிலும் என் மகனுக்குக் கடும் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்து, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. டிங்கியோ என்று அஞ்சினோம். பரிசோதனையில் அது இல்லை. எப்ஸ்டீன்-பார் வைரஸ் என்கிறார் மருத்துவர். அறிக்கையில் 'மாறுபட்ட வெள்ளணுக்கள்' என்றிருப்பது புற்றுநோயைக் குறிக்குமா? அவன் குவளையிலேயே குடித்த ஆறு வயதுத் தங்கைக்கும் தொற்றுமா?

ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்:
அஞ்ச வேண்டாம், அம்மா. எச்சில் வழியே வரும் இந்த வைரஸ், 'பி' அணுக்கள் எனப்படும் வெள்ளணுக்களின் மேலுள்ள சிடி21 என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது. ஆனால் அறிக்கை 'மாறுபட்ட' என்று குறிப்பிடும் பெருத்த அணுக்களில் பெரும்பாலானவை, தொற்றுக்குள்ளான அந்தப் 'பி' அணுக்களை அழிப்பதற்காகப் பெருகிய 'டி' அணுக்கள் என்னும் வேறு வகை வெள்ளணுக்களே. காய்ச்சலுக்கும் நெறிக்கும் சோர்வுக்கும் வைரஸைவிட இந்த எதிர்ப்பே பெரிய காரணம். (டிங்கியிலும் இத்தகைய அணுக்கள் தென்படும் என்பதால், இவற்றை மட்டும் வைத்து நோயை முடிவு செய்வதில்லை.) 1964-இல் எப்ஸ்டீன், ஆச்சோங், பார் ஆகிய மூவரும் இவ்வைரஸை ஆப்பிரிக்கக் குழந்தைகளின் பர்க்கிட் கட்டி என்னும் புற்றுநோயிலிருந்து வளர்த்த அணுக்களில் கண்டதால், இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் புற்றுநோயும் பேச்சில் வந்துவிடுகிறது. உலகில் வளர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இதைச் சுமந்தாலும், புற்றுநோய் வருவது மிகச் சிலருக்கே.

தாதி, தைப்பிங்:
குவளையைத் தனியே வையுங்கள், அக்கா. தங்கைக்குத் தொற்றினாலும், அந்த வயதில் பெரும்பாலும் அறிகுறியே இல்லாமலோ சாதாரணச் சளிக் காய்ச்சலாகவோ கடந்துவிடும். பதின்ம வயதில்தான் உடலின் எதிர்ப்பு இவ்வளவு கடுமையாக வெளிப்படுகிறது. வீட்டில் அமோக்சிசிலின் என்னும் பாக்டீரியா எதிர்ப்பு மருந்து மிச்சமிருந்தால் மகனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது வைரஸை ஒன்றும் செய்யாது, மாறாக இந்நோயின்போது உடலெங்கும் தடிப்பை உண்டாக்கக்கூடும். மண்ணீரல் வீங்கி, அடிபட்டால் கிழியும் நிலையில் இருக்க வாய்ப்புள்ளதால், குறைந்தது மூன்று நான்கு வாரங்களுக்குக் காற்பந்தும் பாரம் தூக்குவதும் வேண்டாம். இடது விலாவின் கீழ் திடீரென்று வலி எடுத்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

தோட்டத்து அம்மா:
இருவருக்கும் நன்றி. குணமான பிறகு வைரஸ் உடலைவிட்டு நீங்கிவிடுமா, ஐயா?

ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்:
நீங்காது, அம்மா. முன்பு கண்ட கிருமியை நினைவில் வைத்திருக்கும் நினைவு 'பி' அணுக்களுக்குள் வாழ்நாள் முழுவதும் அடங்கிக் கிடக்கும். அவ்வப்போது எச்சிலில் வெளிப்பட்டாலும், 'டி' அணுக்கள் அதைக் கட்டுக்குள் வைத்திருப்பதால் அவனுக்குப் பொதுவாக நோய் திரும்புவதில்லை.