கார்ட்: காப்பு நிலையா, கால்வேலியா?

> கார்ட் என்றால் காப்பு. 'காப்பு நிலை' என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே, எதற்கு இத்தனை மடல்?

போகலாம்தான் ஐயா. ஆனால் தரையில் பிடித்து மல்லுக்கட்டும் பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவின் சொற்களுக்கு இந்த இழையில் தமிழ் தேடுகிறோம், இந்த ஒரு சொல் கோணிக்கொண்டால் பின்னால் வரும் பத்துப் பதினைந்து சொல்லும் கோணும், அதனால் இன்னும் ஒரு மடல் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவில் கார்ட் என்பது மல்லாந்து கிடப்பவனின் நிலை. முதுகு தரையில், எதிராளி மேலே, ஆனால் அவனுக்கும் நமக்கும் நடுவில் நம் கால்கள். அவை நடுவில் இருக்கும்வரை கீழே கிடப்பவன் தோற்கவில்லை, பல நேரம் அவன் கைதான் ஓங்கியிருக்கும். 1994 டிசம்பரில் பல கலைக்காரர்கள் ஒரே கூண்டில் மோதும் யுஎஃப்சி தொடரின் நான்காவது இறுதிப் போட்டியில், ஜியு-ஜிட்சு வீரர் ஹொய்ஸ் கிரேசி, தன்னைவிட 30 கிலோவுக்கு மேல் கனமான மல்யுத்த வீரர் டான் செவர்னுக்கு அடியில் 15 நிமிடம் கிடந்தார். பார்த்தவர்களுக்கு அவர் நசுங்கிக்கொண்டிருப்பதாகத்தான் தெரிந்திருக்கும். கடைசியில் அதே கால்களை முக்கோணமாகப் பின்னிக் கழுத்தை இறுக்க, செவர்ன் தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டிவிட்டார். இதற்குப் பெயர் காப்பா?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த புதிதில் நானும் அந்தச் சொல்லைப் 'பாதுகாப்பு' என்றே மனதில் போட்டுக்கொண்டேன். அதனால் எதிராளியின் இடுப்பைக் காலால் சுற்றி, கணுக்காலைப் பின்னி, இறுக்கிப் பிடித்துக்கொண்டு மணி அடிக்கக் காத்திருப்பேன். தொடை எரியும். அவன் நிதானமாக முதுகை நிமிர்த்தி, ஒரு முழங்காலை என் பிட்டத்துக்கு நடுவில் முட்டுக்கொடுத்து, பின்னலைப் பிரித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு வந்து நெஞ்சில் ஏறிவிடுவான். ஆறு மாதம் இதே கூத்து. பிறகு பயிற்சியாளர் ஒருநாள் சொன்னார்: இறுக்காதே, இழு. முழங்கால்களை உன் நெஞ்சுப் பக்கம் இழுத்தால் அவன் முன்னால் சாய்வான், சாய்ந்தவன் விழாமலிருக்க எங்காவது கை ஊன்றியாக வேண்டும். அந்தக் கையின் சட்டைக் கையைப் பிடி, அவன் இடுப்பில் ஒரு பாதத்தை வை, உன் இடுப்பைப் பக்கவாட்டில் நகர்த்து. நேராகப் படுத்திருந்தால் வராத கைப்பூட்டு, கொஞ்சம் சாய்ந்து படுத்ததும் வந்து நிற்கிறது. ஆறு மாதத்துக்கு முழுப் பழியையும் சொல்லின் மேல் போட மாட்டேன், என் மந்தபுத்திக்கும் பங்கு உண்டு. பாதிப் பழியாவது சொல்லுக்குத்தான்.

சரி, வேறு என்ன வைப்பது? 'அரண்' அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுவும் காப்பின் அண்ணன்தான், கல்லாக நிற்கும். 'கவட்டுப்பிடி' எனக்கு மிகவும் பிடித்தது, பார்த்ததும் புரிகிறது. ஆனால் கால்களைப் பின்னாமல், பாதத்தை இடுப்பிலோ முழங்கையின் உள்பக்கமோ வைத்துத் தடுக்கும் வகைகளும் கார்ட்தான், அங்கே கவடும் இல்லை, கால்பிடியும் இல்லை. 'காற்பூட்டு' கூடவே கூடாது. குதிகாலையும் முழங்காலையும் திருகுவதற்கு நாளைக்கு அந்தச் சொல் தேவைப்படும்.

என் பரிந்துரை கால்வேலி, சுருக்கமாக வேலி. கணுக்கால் பின்னியிருந்தால் கட்டுவேலி, இல்லாவிட்டால் திறந்த வேலி, எதிராளியின் ஒரு காலை மட்டும் நம் இரண்டு காலுக்கு நடுவே சிக்கவைத்திருந்தால் அரைவேலி. போர்த்துகீசிய மொழியிலும் மெயா குவார்டா என்று 'அரை'தான் சொல்கிறார்கள். மேலே இருப்பவன் செய்வது வேலி தாண்டல். 'வேலி தாண்டுவது' என்றால் ஊரில் வேறு அர்த்தம் என்று யாராவது சிரிப்பீர்கள், தெரியும். சிரித்துவிட்டு மறக்க மாட்டீர்கள் அல்லவா, அது போதும். தாண்டி 3 விநாடி அடக்கி வைத்தால் 3 புள்ளி. வேலியும் சும்மா நிற்பதுதானே என்று கேட்டால், கருவேல முள்வேலியில் ஒருமுறை வேட்டி மாட்டியவரைக் கேட்டுப் பாருங்கள் என்பதே என் பதில்.

அப்புறம் ஸ்வீப். போன வாரம் இதற்கு வந்த 'பெருக்கல்' என்ற பரிந்துரை விளையாட்டுக்குத்தான் என்று நம்புகிறேன். வாய்ப்பாடு ஞாபகம் வருகிறது. 'புரட்டல்' பரவாயில்லை, ஆனால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வேலியிலிருந்து தொடங்கி எதிராளியைக் கீழே தள்ளி மேலே வந்தால்தான் ஸ்வீப், அதற்கு 2 புள்ளி. அவன் நெஞ்சின் மேல் உட்கார்ந்திருக்கும்போது பாலம் போலத் தூக்கி உருட்டி மேலே வந்தால் தப்பித்தோம், அவ்வளவே, புள்ளி கிடையாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும், கணக்கில் வேறு. எனவே புள்ளி தருவதைக் கவிழ்ப்பு என்றும் தராததைப் புரட்டல் என்றும் பிரித்துக்கொள்ளலாம். ஆட்சிக் கவிழ்ப்பு என்று தினமும் படிக்கிறோம், கீழே இருந்தவன் மேலே வருவது என்ற பொருள் கூடவே வந்துவிடுகிறது.

எதிராளியின் வயிற்றில் ஒரு முழங்காலை அழுத்தி மற்றக் காலை நீட்டி ஊன்றும் நிலைக்குப் புதிதாக யோசிக்கவே வேண்டாமோ என்று தோன்றுகிறது. ஆமூர் மல்லனை வென்ற கோப்பெருநற்கிள்ளியைப் பாடும் புறநானூறு 80-இல் 'ஒருகால் மார்பொதுங்கின்றே' என்று வருகிறதே, ஒரு கால் மார்பில், மற்றது பின்னால். ஏறக்குறைய இதே படம்தான். அதற்காக ஜியு-ஜிட்சு இங்கிருந்துதான் போனது என்று யாரும் கிளம்ப வேண்டாம். அது ஜப்பானிலிருந்து மயேதா என்ற ஜூடோ வீரர் வழியாக பிரேசில் போனது, அந்தப் பேச்சை வேறு இழையில் வைத்துக்கொள்வோம். நான் கேட்பது 'மார்பொதுக்கு' நன்றாக இருக்கிறதா என்பது மட்டும்.

கிமுரா, தெ லா ஹீவா என்று ஆள் பெயரிலேயே வழங்கும் உத்திகளைத் தொட வேண்டாம். 1951-இல் ரியோவின் மரக்கானா அரங்கில், பிரேசிலில் இந்தக் கலையை வளர்த்த எலியோ கிரேசியின் கையைப் பூட்டிட்டு உடைத்தவர் ஜப்பானிய ஜூடோ வீரர் கிமுரா, அவர் பெயரையே அந்தப் பூட்டுக்கு பிரேசில்காரர்கள் வைத்துக்கொண்டார்கள். தோற்றவர்களே வைத்த பெயரை நாம் ஏன் மாற்ற வேண்டும்?

அடுத்தது 'பேஸ்'. தள்ளினாலும் இழுத்தாலும் கவிழாதபடி உடம்பை ஊன்றி வைத்திருப்பது. 'அடித்தளம்' என்று மட்டும் யாரும் ஆரம்பிக்காதீர்கள், அது கட்டடத்துக்கு. 'ஊன்றல்' என்று நினைக்கிறேன், ஆனால் பயிற்சி மெத்தையில் சொல்லிப் பார்த்துவிட்டு வியாழக்கிழமை எழுதுகிறேன்.