தனுஷ்கோடிக்கு மீண்டும் ரயில் வேண்டுமா?

தண்டவாளன்:
புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டுவிட்டது. ராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் பாதை போட 2019 மார்ச்சிலேயே அடிக்கல் நாட்டினார்கள், ரயில்தான் வந்தபாடில்லை. 1914 முதல் ஐம்பது ஆண்டுகள் ரயில் ஓடிய ஊர் அது. 1964 புயல் பறித்ததைத் திருப்பிக் கொடுக்க என்ன தயக்கம்?

கரைவலை:
எதைத் திருப்பிக் கொடுப்பது ஐயா? அந்த நிலையம் கப்பலுக்காக எழுந்தது. அதற்கு முன் கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பலேறி இரவு முழுக்கக் கடலில் அலைக்கழிந்தார்கள். பழைய பாம்பன் பாலம் வந்ததும், கப்பலோடு இணைந்த ‘போட் மெயில்’ ரயில் தனுஷ்கோடித் துறை வரை போனது. எதிரே இலங்கையின் தலைமன்னார், சுமார் 35 கிலோமீட்டர். கரையிறங்கினால் கொழும்பு ரயில். சுங்க அலுவலகம், அஞ்சலகம் எல்லாம் அந்தப் போக்குவரத்தை நம்பி வந்தவை. கப்பல் இல்லாத கரையில் ரயில் யாரை ஏற்றும்?

தண்டவாளன்:
போரில் அழிந்த தலைமன்னார்ப் பாதையில் 2015 முதல் மறுபடி ரயில் ஓடுகிறது. அங்கும் கப்பல் இல்லை. மன்னார் மக்களுக்காக ஓடுகிறது. இங்கே மீனவக் குடும்பங்கள் இல்லையா?

கரைவலை:
இருக்கின்றன. அவர்கள் கேட்பது குடிநீர், பள்ளி, மருத்துவம். ரயிலைக் காட்டி அவற்றைத் தள்ளிப்போட வேண்டாம்.

மண்டபத்தான்:
இருவரும் புயலை எளிதாகக் கடந்துவிட்டீர்கள். 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயிலைத் தனுஷ்கோடியை நெருங்கும் வேளையில் அலை அடித்துக்கொண்டு போனது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். சிதைந்த பாம்பன் பாலத்தைப் பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் சரிசெய்தார்கள். அத்தனை வேகமும் திறமையும் இருந்தும் தனுஷ்கோடிப் பாதையை விட்டுவிட்டார்களே, ஏன்? இருபுறமும் கடல், நடுவில் மணல் திட்டு. அரசே வாழத் தகுதியற்ற ஊர் என்று அறிவித்தது.

தண்டவாளன்:
அன்றைய முன்னறிவிப்பு வேறு, இன்றையது வேறு. 2017-இல் தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை சாலை போட்டு, பேருந்து நிறைய ஆட்களை அனுப்புகிறோம். சாலைக்கு இல்லாத ஆபத்து தண்டவாளத்துக்கு மட்டுமா?

மண்டபத்தான்:
காற்று எழுந்தால் பேருந்தை நிறுத்திவிடலாம். அரித்துப்போன பாதைக்கு ஆண்டுதோறும் யார் செலவழிப்பது? அந்தப் பணத்தில் சிறு பங்கை, உப்புக் காற்றில் உதிரும் பழைய நிலையச் சுவர்களுக்குக் கொடுங்கள்.

தண்டவாளன்:
சுவர்களைக் காக்கட்டும், நானும் கையெழுத்திடுகிறேன். ஆனால் தலைமன்னாருக்குக் கப்பல் திரும்பும் நாளில், பயணிகள் ராமேசுவரத்திலேயே இறங்க வேண்டுமா?

கரைவலை:
அந்தக் கப்பலை முதலில் கேளுங்கள். அதற்கு நானும் உங்களோடு வருகிறேன்.