ஒவ்வொரு அப்டேட்டுக்கும் வீட்டில் ஏதோ ஒன்று நின்றுபோகிறது, நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கோவைவாசி:
வீட்டில் ராஸ்ப்பெரி பை 4 என்ற சின்னக் கணினியில், வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் ஓடுகிறது. சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், வாசல் விளக்கு, அப்பா அறை ஃபேனுக்கு ஒரு ஜிக்பீ (வயரில்லாமல் பேசும்) பட்டன், எல்லாம் அதில்தான். போன வாரம் ரொம்ப நாளாக நிலுவையில் இருந்த அப்டேட்டுகளை மொத்தமாகப் போட்டேன். மறுநாள் காலையில் குழாயில் தண்ணீர் இல்லை. மோட்டார் சுவிட்ச் திரையில் சாம்பல் நிறத்தில் நிற்கிறது, தொட்டால் அசையவில்லை. அது ஒரு கம்பெனியின் வைஃபை சுவிட்ச், அதற்கு ஹேக்ஸ் (பயனர்களே எழுதியவை கிடைக்கும் இடம்) வழியாக யாரோ ஒருவர் எழுதிய இன்டக்ரேஷனை, அதாவது சாதனத்தை ஹோம் அசிஸ்டன்ட்டோடு இணைக்கும் நிரலைப் போட்டிருக்கிறேன், அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே ரொம்ப நாள் ஆனதுபோலத் தெரிகிறது. ஜிக்பீ சாதனங்களை இணைத்துத் தரும் ஜிக்பீ2எம்க்யூடிடி-யும் கூடவே பதிப்பு 1-லிருந்து 2-க்குப் போய்விட்டது. இப்போது அப்பாவின் பட்டனை அழுத்தினால் லாகில் பதிவாகிறது, ஆனால் ஃபேனைப் போடும் ஆட்டோமேஷன் ஓடுவதில்லை.

அப்பா "பழைய சுவிட்சையே மாட்டிக் கொடுத்துடுப்பா" என்கிறார், அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ராத்திரி எழுந்து ஃபேன் போட முடியவில்லை என்றால் வயதானவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. இதைச் சரிசெய்ய வழி இருந்தால் சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக, இனிமேல் அப்டேட்டே போடாமல் இப்படியே நிறுத்திவைக்கலாமா என்றும் தெரிய வேண்டும்.

பைரசிகன்:
பட்டன் விஷயம் எனக்குத் தெரிந்ததுதான். 2025 ஜனவரியில் ஜிக்பீ2எம்க்யூடிடி 2.0 வந்தபோது பட்டன்களுக்கு இருந்த பழைய "ஆக்‌ஷன்" சென்சாரை இயல்பு நிலையில் அணைத்துவிட்டார்கள். உங்கள் ஆட்டோமேஷன் அந்தச் சென்சாரின் மதிப்பு மாறுவதைத்தான் கவனித்துக்கொண்டிருக்கும். சென்சாரே இல்லை, அதனால் ஓடவில்லை. அமைப்புகளில் பழைய சென்சாரைத் திரும்ப இயக்க ஒரு வரி இருக்கிறது, அதைப் போட்டால் இன்றைக்கே அப்பாவின் ஃபேன் வேலை செய்யும். ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். ஆட்டோமேஷனில் டிரிக்கரை (எது நடந்தால் ஓட வேண்டும் என்பதை) "டிவைஸ்" வகைக்கு மாற்றி அந்தப் பட்டனின் ஒற்றை அழுத்தத்தைத் தேர்ந்தெடுங்கள், அதுதான் நிலைக்கும்.

மோட்டார் சுவிட்சுக்கு முதலில் ரீஸ்டார்ட் மெனுவில் சேஃப் மோடைப் போட்டுப் பாருங்கள். அதில் ஹேக்ஸ் சமாசாரம் எதுவும் ஏறாது. மற்றதெல்லாம் ஒழுங்காக வந்தால் குற்றவாளி அந்த இன்டக்ரேஷன்தான் என்று உறுதியாகிவிடும். பழைய பதிப்புக்குத் திரும்புவதாக இருந்தால் பேக்கப்பிலிருந்து திரும்புங்கள். கட்டளை வரியில் கோர் (ஹோம் அசிஸ்டன்ட்டின் மையப் பகுதி) பதிப்பை மட்டும் கீழே இறக்கவும் முடியும், ஆனால் டேட்டாபேஸ் புது அமைப்புக்கு மாறியிருந்தால் அது தானாகப் பின்னால் வராது.

ஓபன்ஹேப்_பழசு:
நிறுத்திவைப்பது என் கட்சி. நான் ஹோம் அசிஸ்டன்ட் பக்கம் வந்ததே இல்லை, அதே வேலையைச் செய்யும் ஓபன்ஹேப்தான். அங்கே பெரிய உடைப்பு எப்போதாவதுதான் வரும், ஆனால் வந்தால் பலமாக வரும். 2020 டிசம்பரில் பதிப்பு 3 வந்தபோது பழைய 1.x பைண்டிங்குகள் (சாதனங்களை இணைக்கும் நிரல்கள்) மொத்தமாகப் போயின, 2023 ஜூலையில் 4-க்கு ஜாவா 17 வேண்டும் என்றார்கள், 2025 ஜூலையில் 5-க்கு ஜாவா 21, அதோடு 32-பிட் ஆதரவும் முடிந்தது. ஒவ்வொரு தடவையும் வார இறுதி முழுக்க விதிகளைத் திருத்துவதிலேயே போகும். உங்கள் பக்கத்தில் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக உடைகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். விளக்கும் மோட்டாரும் ஒழுங்காக வேலை செய்யும் வீட்டில் எதற்குத் தொட வேண்டும்? வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாதபடி ரவுட்டரில் போர்ட் எதையும் திறக்காமல் வைத்துவிட்டு, அப்படியே விட்டுவிடுங்கள்.

ஜூரோங்காரன்:
போர்ட் திறக்காதீர்கள் என்று மேலே அண்ணன் சொன்னதை நூறு சதவீதம் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் நிறுத்திவைப்பதில் உடன்பாடில்லை. 2023 மார்ச்சில் ஹோம் அசிஸ்டன்ட்டின் சூப்பர்வைசர் பகுதியில் கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே நுழையக்கூடிய ஒரு ஓட்டை வெளியே வந்தது. அதன் தீவிரத்துக்குக் கொடுத்த மதிப்பெண் 10-க்கு 10. அந்த ஓட்டை பல வருடமாக அங்கேயே இருந்திருக்கிறது. பதிப்பை உறையவைத்து, வெளியூரிலிருந்து வீட்டைப் பார்க்க வசதியும் வைத்திருப்பவர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, நாம் நிறுத்தினாலும் எதிர்ப்பக்கம் நிற்பதில்லை. 2023 கடைசியில் அமெரிக்காவில் சேம்பர்லைன் தன் மைக்யூ கராஜ் கதவுகளுக்கு வெளி மென்பொருள்கள் எதுவும் பேசக்கூடாது என்று கதவைச் சாத்தியது, ஹோம் அசிஸ்டன்ட் 2023.12-ல் அந்த இன்டக்ரேஷனையே எடுத்துவிட்டார்கள். அப்டேட் போடாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கதவு திறக்கவில்லை. கோவைவாசி, உங்கள் வைஃபை சுவிட்ச் கம்பெனியின் கிளவுட் வழியாகப் பேசுகிறதா, வீட்டுக்குள்ளேயே பேசுகிறதா என்று முதலில் பாருங்கள். கிளவுட் என்றால் கம்பெனி என்றைக்கு எதை மாற்றும் என்பது உங்கள் கையிலும் இல்லை, அந்த இன்டக்ரேஷனை எழுதியவர் கையிலும் இல்லை.

நான் செய்வது இதுதான். புதுப் பதிப்பு மாதத்தின் முதல் புதன்கிழமை வரும். அன்றைக்குத் தொடவே மாட்டேன். பின்னாலேயே .1, .2 என்று திருத்தங்கள் வரும், அவை ஓய்ந்த பிறகு, மூன்றாவது வாரம்போல, வெளியீட்டுக் குறிப்பில் பழையதோடு ஒத்துப்போகாத மாற்றங்கள் என்று இருக்கும் பகுதியை மட்டும் படிப்பேன். நம் வீட்டில் இருக்கும் சாதனத்தின் பெயர் அங்கே இல்லையென்றால் போடுவேன். கோரையும் ஜிக்பீ பக்கத்தையும் ஒரே நாளில் போடுவதில்லை, அப்படிப் போட்டால் எது உடைத்தது என்று தேடுவதிலேயே உயிர் போகிறது.

பேக்கப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2025.1-ல் அந்த முறையையே மாற்றினார்கள், தானாக எடுக்கும் பேக்கப் இயல்பு நிலையில் பூட்டோடு (என்கிரிப்ட் ஆகி) வருகிறது. அந்தச் சாவியைத் தனியாக இறக்கி வேறு இடத்தில் வைத்திருக்கிறீர்களா? எஸ்டி கார்டு செத்துப்போன அன்றைக்குச் சாவியும் அதே கார்டில் இருந்தால் பேக்கப் இருந்தும் பிரயோஜனமில்லை.

கோவைவாசி:
பட்டன் வேலை செய்கிறது, பைரசிகனுக்கு ரொம்ப நன்றி, அப்பாவுக்கு நிம்மதி. டிரிக்கரையும் மாற்றிவிட்டேன். சேஃப் மோடில் மற்றதெல்லாம் ஒழுங்காக வந்தது, அதனால் மோட்டார் சுவிட்ச்தான் பிரச்சினை. சுவிட்ச் கிளவுட் வழியாகத்தான் பேசுகிறது. அதை மாற்றலாம் என்று இருக்கிறேன், எதைப் போடலாம்?

தொட்டி_நிறைஞ்சது:
மோட்டார் வேலையை ஹோம் அசிஸ்டன்ட் தலையில் வைக்கவே வைக்காதீர்கள். நான் எங்கள் தெருவில் நாலைந்து வீட்டுக்குச் செய்து கொடுத்திருக்கிறேன், எல்லாமே ஒரே மாதிரி. தொட்டியில் சாதாரண ஃப்ளோட் சுவிட்ச், சம்ப்பில் இன்னொன்று, இரண்டையும் கான்டாக்டர் (அதிகக் கரண்ட் தாங்கும் மின்காந்த சுவிட்ச்) காயிலோடு வயரிலேயே சேர்த்துவிட வேண்டும். தொட்டி நிறைந்தால் நிற்கும், சம்ப் காலியானாலும் நிற்கும், அதற்கு வைஃபையும் வேண்டாம், ராஸ்ப்பெரியும் வேண்டாம். அதன்மேல் ஒரு இஎஸ்பி ஹோம் ரிலேயை (இஎஸ்பி என்ற சின்ன வைஃபை சிப்பில் இஎஸ்பி ஹோம் மென்பொருள் ஓடும் ரிலே) வைத்து எந்த நேரத்தில் ஓடலாம் என்ற அனுமதியை மட்டும் அதற்குக் கொடுங்கள். அந்த நேரக் கணக்கையும் இஎஸ்பி-க்குள்ளேயே எழுதிவிடுங்கள். கரண்ட் போய் வந்தால் அதற்கு நேரம் மறந்துவிடும், நேரத்தை நினைவில் வைக்கும் ஒரு ஆர்டிசி சிப்பைச் சேர்த்துவிட்டால் அந்தக் கவலையும் இல்லை. ஹோம் அசிஸ்டன்ட் செத்துக் கிடந்தாலும் தண்ணீர் ஏறும். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் கரண்ட்டைச் சின்ன ரிலே தாங்காது, அதனால் கான்டாக்டரை மட்டும் விட்டுவிடாதீர்கள். வயரிங்கை எலக்ட்ரீஷியனிடமே கொடுங்கள்.

இதில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இஎஸ்பி ஹோமில் ஏபிஐ-க்கு (ஹோம் அசிஸ்டன்ட் வந்து இணையும் வழி) யாரும் 15 நிமிடம் இணையவில்லை என்றால் சாதனம் தானாக ரீபூட் ஆகும், இயல்பு அமைப்பு அப்படி. அப்டேட் சொதப்பி ஹோம் அசிஸ்டன்ட் ஒரு மணி நேரம் படுத்துவிட்டால் உங்கள் ரிலே 15 நிமிடத்துக்கு ஒருமுறை அணைந்து எழும், மோட்டாரும் கூடவே விட்டு விட்டு ஓடும். அந்த ரீபூட் நேரத்தைப் பூஜ்யமாக வைத்துவிடுங்கள். வைஃபைக்கும் அதே மாதிரி தனியாக 15 நிமிடம் இருக்கிறது, அதையும் பாருங்கள்.

அப்பா அறை ஃபேனுக்கும் சுவரில் இருக்கும் சுவிட்சை எடுக்காதீர்கள். சுவிட்சுக்குப் பின்னால் வைக்கும் ரிலே கிடைக்கிறது, சுவரில் தட்டினாலும் ஓடும், பட்டனில் அழுத்தினாலும் ஓடும்.

கோவைவாசி:
ரீபூட் விஷயம் தெரியவே தெரியாது, நல்லவேளை சொன்னீர்கள். சம்ப்பின் ஃப்ளோட்டுக்கு வயர் இழுக்க எலக்ட்ரீஷியனிடம் பேசிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை வருகிறார். கான்டாக்டர் 1 எச்பி மோட்டாருக்கு எத்தனை ஆம்பியர் வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

தொட்டி_நிறைஞ்சது:
மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் ஆம்பியர் போட்டிருக்கும், அதைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். காயில் 230 வோல்ட்டாக இருக்கட்டும்.